"8 வோல்ட் பேட்டரி போட்டால் போதும்" என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

பதினெட்டாயிரம் போய்விட்டது. இன்று காலையில்தான் "இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று போனை வைத்தார்கள். பழைய டிராக்டர் உதிரிபாகங்களை ஆன்லைனில் விற்கிற ஒரு கடை, பெயர் வேண்டாம்.

என்னுடையது பழைய பெட்ரோல் டிராக்டர், 6 வோல்ட். எஞ்சின் குளிர்ந்திருந்தால் செல்ஃப் முக்கி முக்கித்தான் சுற்றும். 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். "அதுக்கு டைனமோ, இக்னிஷன் காயில், பல்பு எல்லாம் மாத்தணும், வீண் செலவு அண்ணே" என்றார்கள். சொன்னது உண்மை. அந்த இடத்தில்தான் நம்பினேன். ஏமாற்றுகிறவன் செலவைக் குறைக்கச் சொல்வானா? "8 வோல்ட் போடுங்க, அதே இடத்துல உட்காரும், வேற எதையும் தொட வேண்டாம். கேபிளும் சேர்த்தே தர்றோம்." பதினெட்டாயிரம் அனுப்பினேன்.

முதலில் பட்டென்று ஸ்டார்ட் ஆனது. போகப்போக இழுவை குறைந்தது. அப்புறம் 'டிக்' சத்தம் மட்டும்தான்.

போன் செய்தால் "சார்ஜர்ல போடுங்க" என்றார்கள். கடையில் கிடைப்பதெல்லாம் 6, 12 வோல்ட் சார்ஜர்தான். அடுத்து "உங்க டைனமோ வீக்" என்றார்கள். அதற்கடுத்து "வயரிங் கோளாறுக்கு வாரண்டி கிடையாது". வேறு எதையும் தொட வேண்டாம் என்று சொன்ன அதே வாய்!

எலக்ட்ரீஷியன் எஞ்சினை ஓடவிட்டு, டைனமோ அவுட்புட்டில் மீட்டர் வைத்தார். 7.2 வோல்ட். மூன்று செல் உள்ள 6 வோல்ட் பேட்டரிக்கு அது சரி. 8 வோல்ட் பேட்டரியில் நான்கு செல். முழு சார்ஜில் சும்மா இருக்கும்போதே 8.4 இருக்கும், அதை நிரப்ப 9.6 பக்கம் வேண்டும். டைனமோ வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் 7.2-இல் நிறுத்தினால் எங்கிருந்து சார்ஜ் ஏறும்? பட்டினி கிடந்து தகடெல்லாம் சல்பேட் படிந்து கெட்டுவிட்டது. பேட்டரி விற்கிறவனுக்கு இது தெரியாதா?

அதைவிட வயிற்றெரிச்சல், என் வண்டியில் கோளாறு பேட்டரியிலேயே இல்லை. பேட்டரியை வண்டி இரும்போடு இணைக்கிற எர்த் கேபிள் பிடிக்கிற இடத்தில் பெயிண்டும் துருவும். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் 12-ஐப் போல இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், கேபிள் தடியாக இருந்தே ஆக வேண்டும். இவர்கள் பளபளவென்று அனுப்பியது பழையதைவிட ஒல்லி. இரும்பு தெரியும்வரை சுரண்டி, தடிக் கேபிள் போட்டு, சாதாரண 6 வோல்ட் பேட்டரியிலேயே இப்போது நன்றாகச் சுற்றுகிறது. பதினெட்டாயிரம்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் கேபிளைக் கவனியுங்கள். 8 வோல்ட் போட்டே தீர வேண்டுமென்றால், ரெகுலேட்டரின் வோல்ட்டை யார் ஏற்றிவைப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். 12-க்குப் போனால் 12 வோல்ட் காயிலோ ரெசிஸ்டரோ இல்லாமல் ஓட்டாதீர்கள், இக்னிஷனைத் திறந்து மூடுகிற பாயிண்ட் கருகிவிடும். பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்க்காமல் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதிலுள்ள டையோடு அப்போதே போய்விடும்.