திருமலை (திருகோணமலை) டவுன்ல வாங்கின மாகாண மேப் செட்

மகளின்ட வரலாறு பாடத்துக்கு எண்டு டவுன்ல ஒரு புத்தகக் கடையில வாங்கினனான். ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்டுகள், ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சா இலங்கையின்ட உள்எல்லைகள் எப்பிடி மாறினது எண்டு அப்பிடியே தெரியும். 1833 ஷீட்ல முழு நாட்டுக்கும் அஞ்சே அஞ்சு மாகாணம்தான், அநுராதபுரப் பக்கம் வடமாகாணத்துக்குள்ள, பொலன்னறுவை இருக்கிற தமன்கடுவை எங்கட கிழக்கோட கிடக்கு, 1873ல வடமத்திய மாகாணம் வரேக்க ரெண்டும் அதுக்குள்ள போயிடுது, எனக்கே இது இவ்வளவு நாளும் தெரியாது. 1845ல வந்த வடமேல் மாகாணத்தையும் சேத்து, 1886ல ஊவா, 1889ல சப்ரகமுவ, அதோட ஒன்பது.

மாவட்ட ஷீட்டும் நல்லம், 1961ல மட்டக்களப்பில இருந்து அம்பாறை, 1984ல யாழ்ப்பாணத்தில இருந்து கிளிநொச்சி பிரிஞ்சது கலர்ல வடிவா இருக்கு. ஆனா 1988ல வடக்கு கிழக்கு இணைஞ்சதும் 2007ல திரும்பப் பிரிஞ்சதும் இல்லவே இல்லை, நாங்க வாழ்ந்து பாத்த மாற்றம், திருமலைதான் அப்ப தலைநகர், அதை விட்டது எனக்குச் சரியான கவலை. மார்க்கரால நானே கீறித்தான் மகளுக்குக் காட்டினனான்.

ஷீட் கொஞ்சம் மெல்லிசு, மடிச்சா கோடு விழும், கடையில ரோல் பண்ணித் தரச் சொல்லுங்கோ.