ஏழு ரோடு பக்கத்து மெழுகுவர்த்திக் கடையும் எங்கள் வீட்டுத் திருவருகை வளையமும்

கொடைக்கானலில் சாக்லேட் விற்காத கடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஏழு ரோட்டிலிருந்து இறங்குகிற சந்து ஒன்றில் இருக்கும் இந்தக் கடையிலும் சாக்லேட் உண்டு, யூகலிப்டஸ் தைலம் உண்டு. ஆனால் நவம்பர் பாதி ஆனதும் முன்னால் முழுக்க மெழுகுவர்த்திதான். பின்கட்டில் தாங்களே காய்ச்சி ஊற்றுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம்தான் திருவருகைக் காலம். ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தியைக் கூட்டி ஏற்றிக்கொண்டே போவதற்கு ஒரு வளையம், நாலு மெழுகுவர்த்தி, நடுவில் கிறிஸ்துமஸுக்கு வைக்க வெள்ளை ஒன்று, எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

"நீங்க ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யாக்கா?" இதுதான் கடைக்காரப் பெண்ணின் முதல் கேள்வி. ரோமன் கத்தோலிக்கரா, தென்னிந்தியத் திருச்சபையா என்று கேட்கிறாள். சம்பந்தம் பேச இல்லை, நிறம் எடுக்க. ஆர்.சி. என்றால் மூன்று ஊதா, ஒரு ரோஸ். மற்றவர்களுக்கு நாலும் சிவப்பு. சி.எஸ்.ஐ. வீடுகளிலும் ஊதா ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு பேச்சு. சிவப்பை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். 1839ல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் விஹெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காகப் பழைய வண்டிச் சக்கரத்தில் நட்டு வைத்ததே சிவப்பு மெழுகுவர்த்திகளைத்தான். வாரநாளுக்குச் சின்னச் சிவப்பு, ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை. சாமியாரின் பூசை உடுப்பு நிறத்தையொட்டி ஊதாவும் ரோஸும் அப்புறம் வந்து சேர்ந்தவை.

நாங்கள் வாங்கியது ஊதா செட். சரி, எரிவது எப்படி என்று பார்ப்போம். 2025ல் முதல் ஞாயிறு நவம்பர் 30. தினமும் இரவு ஜெபத்துக்கு அரைமணி நேரம் ஏற்றினால் முதல் மெழுகுவர்த்தி 25 இரவு, அதாவது பன்னிரண்டரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். டிசம்பர் 21ல் சேரும் நாலாவதுக்கு நாலே இரவு, இரண்டு மணி நேர வேலை. மளிகைக் கடை ஒல்லி மெழுகுவர்த்தியெல்லாம் இந்தக் கணக்குக்கு ஆகாது. இவர்கள் ஊற்றியது நல்ல தடிமன். திரியில் கரி கட்டவில்லை, புகையும் இல்லை. 24ஆம் தேதி இரவு முதல் மெழுகுவர்த்தி கட்டைவிரல் உயரம் மிச்சமிருந்தது, நாலாவது கிட்டத்தட்டப் புதுசு.

சில வீடுகளில் நாலும் ஒரே உயரமாகத் தெரியட்டும் என்று இடம் மாற்றி மாற்றி ஏற்றுகிறார்கள். எனக்கு அது ஒப்பாது. ஒன்றைவிட ஒன்று குட்டையாக நிற்பதைப் பார்த்தாலே எத்தனை வாரம் காத்திருக்கிறோம் என்று என் சின்ன மகள் சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் முதல் வாரம் ஏற்றுவது அவள்தான், இரண்டாம் வாரம் மாமனார்.

குறைகளுக்கு வருவோம். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. தவ நிறமான ஊதாவை அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்துவதற்காகத்தான் ரோஸ். இவர்கள் கொடுத்த ரோஸோ அசல் பஞ்சுமிட்டாய் நிறம். "சாமியார் இந்தக் கலர்ல உடுப்புப் போட்டு வந்தா நான் பூசைக்கு வரலம்மா" என்றார் மாமனார். அப்புறம் தகர வளையத்தின் குவளைகள் பெரிசு, மெழுகுவர்த்தி ஆடுகிறது. அடியைக் கொஞ்சம் உருக்கிச் சொருகினால்தான் நிற்கும். சுற்றியிருந்த பிளாஸ்டிக் இலையை அன்றைக்கே பிய்த்து எடுத்துவிட்டேன். வேலிக்கு வேலி சைப்ரஸ் வளர்கிற ஊரில் பிளாஸ்டிக் எதற்கு? இரண்டு கிளை ஒடித்துக் கட்டினால் வீடே மணக்கும். ஒன்று மட்டும் கவனம்: மூன்றாம் வாரத்துக்குள் காய்ந்து போகும், நெருப்புப் பக்கத்தில் அதை விட்டுவைக்கக் கூடாது. புதுக்கிளை மாற்றிவிடுங்கள்.

அதே கடையில் மண்ணில் செய்த குடில் சொரூபங்களும் வாங்கினேன். மாடும் ஆடும் அழகு, சூசையப்பர் முகத்தில் நல்ல களை. ஆனால் குழந்தை இயேசுவை முன்னணையோடு, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியோடு, சேர்த்து ஒட்டி வைத்திருந்தார்கள்! திருவருகைக் கால ஞாயிறுகளில் கோயிலில், இயேசு பிறந்தபோது வானதூதர் பாடிய வானவர் கீதம்கூடப் பாடாமல் நள்ளிரவுப் பூசைக்கென்று வைத்திருக்கிறோம். வீட்டுக் குடிலில் மட்டும் டிசம்பர் முதல் வாரமே குழந்தை பிறந்துவிட்டால் எப்படி? முன்னணை 24ஆம் தேதி இரவு வரை காலியாக இருக்க வேண்டும் என்றேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள், கத்தியை எடுத்து மெல்ல நெம்பினாள், குழந்தையைத் தனியாகத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள். முதுகில் லேசாகப் பசை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மெழுகுவர்த்தியைத் தனியாகக் கேட்டாலும் தருகிறார்கள், ஐந்தும் 400 ரூபாய். அதை மட்டும் வாங்கி, வளையத்தை வீட்டுத் தட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.