ரெஸ்யூமை வேலைக்கேற்பத் திருத்திய 16 மாதங்கள்: ஒரு கணக்காளரின் அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 9 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் நிதிச் சேவை மையங்களில் (தங்கள் கிளைகளின் கணக்கு வேலைகளை ஒரே இடத்தில் செய்யும் அலுவலகங்கள்) வேலை தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் முடிய 16 மாதங்கள் பிடித்தன. முதல் நான்கு மாதங்கள் வீணான பிறகு, ரெஸ்யூமையும் நிறுவனம் வெளியிடும் பணி விவரக் குறிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடும் ஓர் இணையக் கருவிக்குச் சந்தா கட்டி ஓராண்டு பயன்படுத்தினேன். இத்தகைய கருவிகள் பல இருக்கின்றன. நான் பார்த்த வரையில் அவற்றின் வேலையும் குறையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

அந்த நான்கு மாதங்களில் நான் செய்ததைப் பலரும் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வேலை தேடும் தளங்களான நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் ‘அக்கவுன்டன்ட்’ என்று தேடி, வந்ததற்கெல்லாம் ஒரே ரெஸ்யூமை அனுப்பினேன். எக்செல்லில் குறித்து வைத்த கணக்கின்படி 112 விண்ணப்பங்களுக்கு மூன்று அழைப்புகள் வந்தன. அவற்றில் இரண்டு காப்பீடு விற்கும் வேலைக்கானவை.

கருவி தந்த முதல் அதிர்ச்சி மதிப்பெண் அல்ல. ரெஸ்யூமைப் பதிவேற்றியவுடன், தொலைபேசி எண்ணே இல்லை என்றது. எண் இருந்தது, ஆனால் பக்கத்தின் தலைப்பகுதியான ஹெடருக்குள் இருந்தது. பார்வைக்கு அழகாக இருக்கிறதே என்று இரண்டு பத்தி கொண்ட டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, இடப்பக்கம் திறன்களையும் வலப்பக்கம் பணி அனுபவத்தையும் அடைத்திருந்தேன். சந்தேகம் தீர, பிடிஎஃப் கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். ‘2015 முதல் டேலி தமிழ் ஆங்கிலம் சீனியர் ஜிஎஸ்டி அக்கவுன்டன்ட் இந்தி ரிட்டர்ன்’ என்ற தோரணையில் ஒரு வரி வந்து விழுந்தது. நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு மென்பொருள்கள் எல்லாமே இப்படித்தான் தடுமாறும் என்று சொல்ல முடியாது; ஆனால் அட்டவணை, டெக்ஸ்ட் பாக்ஸ், இரட்டைப் பத்தி ஆகியவற்றைப் பிரித்துப் படிப்பதில் பலவும் தடுமாறுகின்றன. அன்றிரவே எல்லாவற்றையும் ஒற்றைப் பத்தியாக, சாதாரண எழுத்தில், மேலிருந்து கீழாக மாற்றி எழுதினேன். நோட்பேடில் ஒட்டிப் பார்க்கும் இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. கருவி வாங்காதவர்களும் இதை மட்டுமாவது செய்துவிடலாம்.

உண்மையான பயன் கிடைத்தது சொற்களில். உள்ளூர் நிறுவனத்தில் நாங்கள் பேசும் மொழி வேறு, சேவை மையங்கள் தங்கள் குறிப்பில் எழுதும் மொழி வேறு. சப்ளையர் பில்லைப் பர்ச்சேஸ் ஆர்டருடனும் சரக்கு வந்து சேர்ந்ததற்கு ஸ்டோர்ஸ் தரும் ரசீதான ஜிஆர்என்னுடனும் ஒத்துப் பார்த்துப் பாஸ் செய்வது எனக்கு அன்றாட வேலை; ரெஸ்யூமில் அதை ‘பில் பாஸிங்’ என்று எழுதியிருந்தேன். அவர்கள் கேட்டதோ ‘த்ரீ வே மேட்ச்’. மாதக் கடைசியில் இன்னும் பில் வராத மின்கட்டணத்தையும் அந்த மாதச் செலவாகக் கணக்கில் எடுத்துப் ப்ரொவிஷன் போடுவதை அவர்கள் ‘அக்ரூவல்’ என்றார்கள். சப்ளையர் கணக்குகள் முழுவதும் சேர்ந்தால் ‘அக்கவுன்ட்ஸ் பேயபிள்’. பதிவு தொடங்கி மாதக் கணக்கை மூடி அறிக்கை தருவது வரையிலான வேலை ‘ரெக்கார்டு டு ரிப்போர்ட்’. இவை அத்தனையும் செய்திருந்தும், ‘அக்கவுன்டன்ட், அனைத்துக் கணக்கு வேலைகளும்’ என்று ஒரே வரியில் மூடி வைத்திருந்தேன். அந்த வரியைப் படிக்கும் மனிதருக்கே ஒன்றும் விளங்காது எனும்போது மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜிஎஸ்டி அனுபவமும் இப்படித்தான் புதைந்து கிடந்தது. ‘ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 2022 ஜனவரி முதல், சப்ளையர்கள் ஏற்றிய பில்களைத் தொகுத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி அந்த அறிக்கை வந்தவுடன் கொள்முதல் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, விடுபட்ட சப்ளையர்களுக்குப் போன் செய்து பில்லை ஏற்றச் சொல்வதே என் மாதத்தின் கடினமான வேலையாக இருந்தது. அதை அப்படியே இரண்டு வரியில் எழுதினேன். பின்னால் வந்த நேர்காணல்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியிலிருந்தே தொடங்கின.

இனி கருவியின் கெடுதலைச் சொல்ல வேண்டும். மதிப்பெண் ஒரு போதை. 41 என்று தொடங்கிய ஒரு விண்ணப்பத்தை, விடுபட்ட சொற்களை ஒவ்வொன்றாகச் செருகி 83 வரை ஏற்றினேன். அப்படிச் செருகியவற்றில் ஒன்று பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளான ‘எஸ்ஏபி எஃப்ஐசிஓ’. பக்கத்து இருக்கை நண்பரின் திரையில் அதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் பழக்கம். அழைப்பு வந்தது. “எஃப் 110 ஓட்டும்போது ஒரு வெண்டர் மட்டும் புரபோசலில் வராமல் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?” என்று கேட்டார்கள். புரபோசல் என்பது பணம் பெற இருப்பவர்களின் உத்தேசப் பட்டியல்; அதில் ஒருவர் விடுபட்டால் விதிவிலக்குப் பட்டியலைத் திறந்து, பணம் போகாமல் நிறுத்தும் பேமெண்ட் பிளாக் இருக்கிறதா, சப்ளையர் விவரங்கள் இருக்கும் வெண்டர் மாஸ்டரில் பணம் செலுத்தும் முறை விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று எஃப் 110 என்பது பணப்பட்டுவாடாவுக்கான கட்டளை என்றே தெரியவில்லை. “பரவாயில்லை சார், டேலி பற்றியே பேசலாம்” என்று நேர்காணல் செய்தவர் கனிவாகச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. அடுத்தவரின் அளவுச் சட்டையைக் கொடுத்துத் தைத்து வாங்கி, என் தோளுக்கு ஏறவில்லையே என்று தையற்காரரைத் திட்டுவது போன்ற காரியம் அது.

அதன் பிறகு வேலை செய்யும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். திருத்துவதற்கு முன்பு, அந்த வேலைக்கு நான் உரியவன்தானா என்று பார்த்தேன். குறிப்பில் ‘கட்டாயம்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றில் எத்தனையை ஒரு சம்பவத்தோடு என்னால் விளக்க முடியும் என்று தாளில் எழுதுவேன். பாதிக்கும் குறைவாக இருந்தால் விண்ணப்பிக்க மாட்டேன். ரெஸ்யூமை இயந்திரமே குப்பையில் போட்டுவிடுகிறது என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நான் பட்டதை வைத்துப் பார்த்தால், விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளே அதிகம் வடிகட்டுகின்றன: வேலையை விடுவதற்கு முன் தர வேண்டிய நோட்டீஸ் காலம் எத்தனை நாள், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு, இரவு ஷிப்டுக்குச் சம்மதமா. எனக்கு 90 நாள் நோட்டீஸ். உடனே சேரக்கூடியவர் வேண்டும் என்று எழுதியிருந்த இடங்களுக்கு ரெஸ்யூம் 95 விழுக்காடு பொருந்தினாலும் பயனில்லை என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

சாட்ஜிபிடியையும் இடையில் முயன்றேன். வாக்கியங்களைச் செம்மைப்படுத்த உதவியது. ஆனால் என் வரிகளை மாற்றி எழுதித் தரச் சொன்னபோது, நான் சொல்லாத ‘செலவை 30 விழுக்காடு குறைத்தார்’ என்ற சாதனையையும் சேர்த்தே தந்தது. ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்க்காமல் அனுப்பக்கூடாது.

இப்போது நான் பின்பற்றும் முறை எளிது. செய்த வேலைகள் அனைத்தையும் எழுதிய ஆறு பக்க மூலக்கோப்பு ஒன்று இருக்கிறது. அதை யாருக்கும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து பொருந்தும் வரிகளை எடுத்து இரண்டு பக்கமாக்குவேன். முகப்புச் சுருக்கத்தையும் முதல் ஐந்து வரிகளையும் மட்டும் அந்த நிறுவனத்தின் சொற்களில் எழுதுவேன். ஒன்றுக்கு 40 நிமிடம் ஆகும். கடைசி எட்டு மாதங்களில் இப்படி அனுப்பியவை 38, அழைப்புகள் 9, அவற்றில் ஒன்று வேலையாயிற்று.

சந்தா தகுமா என்று கேட்டால், முதல் மூன்று மாதங்களுக்குத் தகும். தன் துறையின் வேலை அறிவிப்புகள் எந்தச் சொற்களில் எழுதப்படுகின்றன என்று பழகும்வரை அது நல்ல துணை. பழகிய பிறகு, இரண்டு வண்ண ஹைலைட்டர்களும் அச்சிட்ட பணி விவரக் குறிப்பும் அதே வேலையைச் செய்தன. ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டியது என் அவசரம். நான் அதைப் புதுப்பிக்கவில்லை.

சென்னையில் சேர்ந்த புதிய வேலையில் வாரத்துக்கு இரண்டு முறை எஃப் 110 ஓட்டுகிறேன். போன மாதம்தான் அந்த வரியை மூலக்கோப்பில் ஏற்றினேன்.