ஸ்கூல் மேனேஜ்மென்ட் ஆப் – ரெண்டு வருஷம் யூஸ் பண்ண ரிட்டையர்டு எச்.எம்மோட ரிவ்யூ (5-க்கு 3)

பாகாயம் தாண்டி கணியம்பாடி போற ரூட்டுல ஒரு சின்ன மெட்ரிக் ஸ்கூல், அதுல 26 வருஷம் இருந்தேன், அதுல 19 வருஷம் எச்.எம். கடைசி ரெண்டு வருஷம்தான் இந்த ஆப். கம்பெனி பேர் போடல, போட்டா அந்த சேல்ஸ் தம்பிக்கு பிரச்சனை ஆவும், நல்ல பையன். மே மாசம் வேலூர் வெயில்ல பைக்ல வந்து ரெண்டு டம்ளர் மோர் குடிச்சிட்டு "ஸ்கூல் நடத்துறதுல உங்களுக்கு என்ன பிரச்சனை மேடம், சொல்லுங்க, எங்க ஆப்ல சொல்யூஷன் இருக்கு"ன்னான்.

பாவம், என்னை கேட்டிருக்கக் கூடாது. 2004-ல கும்பகோணத்துல ஸ்கூல் கீத்துக் கூரை தீப்பிடிச்சு 94 கொழந்தைங்க எரிஞ்சு போன வாரம், எங்க எல்கேஜி கீத்துக் கொட்டாய பிரிக்க ஆள் கெடைக்காம நானும் பி.டி சாரும் ஆயாம்மாவும் ஓலைய இழுத்துப் போட்டதுல ஆரம்பிச்சேன். 2011-ல சமச்சீர் கல்வி (எல்லா ஸ்கூலுக்கும் ஒரே பாடத்திட்டம்) கேஸ் ஓடினப்போ ஸ்கூல் தொறந்தாச்சு, புக் இல்ல, ஆகஸ்ட் 9 சுப்ரீம் கோர்ட் சொல்ற வரைக்கும் கத, பாட்டு, வாய்ப்பாடுன்னு ஓட்டினோம், "பீஸ் வாங்கிட்டீங்களே, எங்க புக்கு"ன்னு கேட்டவங்களுக்கு பதில் சொன்னது நான்தான். அடுத்த வருஷம் தாம்பரத்துல ஸ்கூல் பஸ் ஓட்டை வழியா கொழந்தை விழுந்து செத்த அன்னிக்கு, எங்க மூணு வண்டிக்கும் அடியில நானே குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன். தம்பி எல்லாத்தையும் நோட் பண்ணிக்கிட்டு கடைசில "பஸ் டிராக்கிங் இருக்கு மேடம்"ன்னான். சரி போன்னு வாங்கிட்டோம்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். பஸ் டிராக்கிங் உண்மையிலயே சூப்பர், கண்ணமங்கலம் ரூட்ல ரயில்வே கேட் போட்டுட்டா முன்னாடி எனக்கு இருபது போன் வரும், இப்ப அவங்களே மேப்ப பாத்துக்குறாங்க. கம்மவான்பேட்டை பசங்க எங்ககிட்ட நெறைய, அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு மிலிட்டரிதான், அப்பா எங்கயோ பார்டர்ல இருந்துக்கிட்டே போன்ல பீஸ் கட்டிடுறாரு. கேஷியர் அக்கா நோட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி ஏழு மணி வரைக்கும் எண்ணிட்டு இருப்பாங்க, அது போச்சு. தனியார் ஸ்கூல் எச்.எம்முக்கு மாசம் இருவத்தஞ்சு தேதி தாண்டினா ஒரே நெனப்புதான், ஒண்ணாந்தேதி டீச்சருங்களுக்கு சம்பளம் போட காசு தேறுமா தேறாதா. கலெக்‌ஷன் ரிப்போர்ட்ட கையில பாத்தா அன்னிக்கு தூக்கம் வரும்.

அட்டென்டன்ஸ் சுமார். கவர்ன்மென்டோட எமிஸ்ல ஒரு தடவ, இதுல ஒரு தடவன்னு டீச்சருங்களுக்கு டபுள் வேலை. தமிழ் மெசேஜ் யாரு எழுதினாங்களோ, "உங்கள் வார்டு இன்று வரவில்லை"ன்னு போவுது. ஒரு பாட்டி அத படிச்சுட்டு சிஎம்சி ஆஸ்பத்திரில இருந்து எந்த வார்டோன்னு பதறி ஆட்டோ புடிச்சு ஸ்கூலுக்கே வந்துட்டாங்க, பேரன் பாத்தா வெளிய மாங்கா வண்டிகிட்ட நிக்கிறான். சிரிச்சோம், ஆனா மாத்த சொல்லி மூணு மெயில் போட்டும் மாத்தல.

இப்ப ரெண்டு ஸ்டார் எங்க போச்சுன்னா. எங்கிட்ட ஒரு நாப்பது பக்க நோட்டு இருந்துச்சு, மேஜை டிராயர்ல, சாவி என் முந்தானைல. யாருக்கு பீஸ் பாக்கி, ஏன் பாக்கி, எப்ப கட்டுறேன்னு சொன்னாங்க, எல்லாம் அதுல. அந்த நோட்ட கரஸ்பாண்டன்ட் கூட பாத்தது இல்ல (கேட்டாரு, குடுக்கல). ஏழாவது படிக்கிற பொண்ணோட அம்மா, வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், ஒரு நாள் சாயங்காலம் வந்து அழுதாங்க, பொறுமையா கட்டுங்கம்மான்னு அனுப்பினேன். மறுநாள் காலைல கேட்லயே நிக்கிறாங்க, "இன்னா மேடம், நேத்துதான பொறுமையா கட்டுன்னீங்க, நைட்டு மெசேஜ் வந்துகீது, கட்லன்னா ஹால் டிக்கெட் இல்லன்னு போட்டுகீது." ஏழாவதுக்கு ஏதுங்க ஹால் டிக்கெட்! கம்பெனிக்காரன் டெம்ப்ளேட், பத்தாந்தேதி ஆனா பாக்கி இருக்குற எல்லாருக்கும் அதுவா போவுது. அந்தம்மா கைல போன் நடுங்கிச்சு, நான் இன்னா சொன்னாலும் நான் அனுப்பினதுன்னுதான் நெனைப்பாங்க, அவங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்.

இன்னொண்ணு இதைவிட மோசம். ஆர்டிஇ-ல வந்த பசங்க, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி கவர்ன்மென்ட் பீஸ் கட்டுற 25 சதவீத சீட்டுல வந்தவங்க, அவங்க பேர் பக்கத்துல சின்னதா ஆரஞ்சு கலர்ல ஆர்டிஇ-ன்னு ஒரு டேக். கிளாஸ் டீச்சர் அட்டென்டன்ஸ் லிஸ்ட்ட ஸ்மார்ட் போர்டுல போட்டப்போ கிளாஸே பாத்துச்சு. இத்தன வருஷம் எந்தப் புள்ள எந்த சீட்டுல வந்துச்சுன்னு டீச்சருக்கே தெரியாம வெச்சிருந்தேன், தெரிஞ்சா கை நீட்டி கடைசி பெஞ்சுல உக்கார வெக்கிற டீச்சரும் உண்டு, எனக்குத் தெரியும். ரெண்டாவது படிக்கிற ஒரு பையன் வந்து "மிஸ், ஆர்டிஇ-ன்னா என் இனிஷியலா?"ன்னு கேட்டான். சப்போர்ட்டுக்கு போன் போட்டா "அது டீஃபால்ட் மேடம், கவர்ன்மென்ட் பணம் கிளெய்ம் பண்ண ஈஸியா இருக்கும்"ங்கிறாங்க. கிளெய்ம் பண்றது ஆபீஸ் வேலை, அத ஏன்யா கிளாஸ் ரூம்ல காட்ற? சண்ட போட்டு நாலு மாசம் கழிச்சு ஆஃப் பண்ற பட்டன் குடுத்தாங்க.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு. செட்டிங்ஸ்ல டீச்சர் வியூன்னு இருக்கும், அதுல போயி கேட்டகிரி டேக்க எடுத்துடுங்க, பீஸ் ரிமைண்டர்ல ஆட்டோவ மேனுவல் ஆக்கிடுங்க. புது அகாடமிக் இயர் ஓபன் பண்ணா ரெண்டும் தானா ஆன் ஆயிடுது, போன ஜூன்ல கூட இப்ப இருக்குற எச்.எம் பொண்ணுக்கு நான்தான் போன் பண்ணி ஞாபகப்படுத்தினேன்.