ஊட்டியில் படங்களைப் பாதுகாக்க: ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

கல்யாணப் படம் எடுத்துக் கொடுத்துப் பல வருடம் கழித்தும், "அண்ணா, அந்த போட்டோ இன்னும் இருக்கிறதா?" என்று ஸ்டுடியோவுக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுக்காகவே பழைய படங்களை எதில் வைப்பது என்று யோசித்து, ஹார்ட் டிஸ்க்கையே வாங்கினேன். எடிட்டிங் செய்யும் கணினியில் எஸ்எஸ்டிதான், அதாவது சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை. வேகத்திலும், கீழே விழுந்தால் தாங்குவதிலும் அதற்கு நிகரில்லை. அதே பணத்துக்குக் கூடுதல் இடம் கிடைப்பது ஹார்ட் டிஸ்க்கில். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மலைக்கு ஹார்ட் டிஸ்க் ஆகாது என்றொரு பேச்சு இங்கே இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. உள்ளே காந்தப் பூச்சுள்ள தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கின்றன. படிக்கும் ஹெட் தகட்டைத் தொடுவதே இல்லை. தகட்டோடு சேர்ந்து ஓடும் காற்றுதான் அதைத் தாங்கி நிற்கிறது. இடைவெளி ஒருசில நானோமீட்டர். உயரத்தில் காற்று மெலிவதால் ஹெட் தாழ்ந்து தகட்டில் உரசிவிடுமோ என்பதுதான் பயம். ஆனால் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் உயர வரம்பு 3,048 மீட்டர். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். உயரத்துக்குப் பயந்து ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ஓடாமல் போன ஒரு டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். முகம் பார்க்கலாம் போலத் தகடு பளபளத்தது. மூடியில் ஒரு சிறு துளை, அதை மூடாதீர்கள் என்று பக்கத்திலேயே ஆங்கில எச்சரிக்கை, உட்புறம் அதே இடத்தில் ஒரு வடிகட்டி. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்கத்தான் அந்தத் துளை. தூசியை வடிகட்டி நிறுத்திவிடும். நாள்பட்ட ஈரப்பதம் மெல்ல உள்ளே போய்விடும். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஹீலியம் நிரப்பி அடைத்த டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை பெரும்பாலும் பெரிய கொள்ளளவில்தான் வருகின்றன.

அப்படியிருந்தும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்ததற்குக் காரணம், அலமாரியில் சும்மா கிடக்கும் காலம். தகட்டில் எழுதியது காந்தத் திசையாக நிற்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம். எஸ்எஸ்டியிலோ நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னூட்டம்தான் தகவல். இணைக்காமல் வைத்தால் அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் (இவ்வளவுதான் எழுதலாம் என்ற வரம்பு) தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் 1 ஆண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதே சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதியது அதைவிட வெகுகாலம் தாங்கும், நம் ஊர்க் குளிரும் கசிவைக் குறைக்கும். எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் பூட்டி வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. வாடிக்கையாளரின் படங்களை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய மனம் வரவில்லை.

கெட்டுப்போகும் விதமும் வேறு. ஹார்ட் டிஸ்க் பல நேரம் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு, வேகம் குறைந்து, முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஹெட் போனாலும், தூசியில்லா அறையில் மாற்றிப் படங்களை மீட்க வழியிருக்கிறது, செலவு அதிகம்தான். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போய்விடுகிறது. உள்ளே தகவலை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் அதைப் பூட்டெழுத்தாக்கி (என்கிரிப்ட் செய்து) வைத்திருந்தால், சிப்பை மட்டும் தனியே எடுத்துப் பயனில்லை.

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து திடீரென்று கரண்ட் போகும்போது, பல டிஸ்க்குகள் தகடு சுழன்றுகொண்டிருக்கும் விசையிலேயே மின்சாரம் எடுத்து ஹெட்டை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகின்றன. அதற்காக யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள்; ஹெட் ஒதுங்கினாலும் பாதி எழுதிய கோப்பு தப்பாது.

ஹார்ட் டிஸ்க் வாங்கினால் இரண்டாக வாங்கி, ஒரே படங்களை இரண்டிலும் ஏற்றி, இரண்டு வீடுகளில் வையுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலம் நிறம் மாறினால் புதிதாகப் போடுங்கள். குளிரிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்த டிஸ்க்கை உடனே இணைக்காதீர்கள். டப்பாவைத் திறக்காமலே ஓரிரு மணிநேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு இணையுங்கள்.