தண்டையார்பேட்டையிலிருந்து கோவில்பட்டிக்கு: சின்ன பேட்டரி காரில் நெடும்பயணம்

எங்களுடையது டாடாவின் எலக்ட்ரிக் கார் டியாகோ ஈவி, 24 கிலோவாட் மணி பேட்டரி. 2022-ல் இந்த கார் வந்தபோது நிறுவனம் அறிவித்த ரேஞ்ச், அதாவது முழு சார்ஜில் ஓடும் தூரம், 315 கிலோமீட்டர். அது எம்ஐடிசி என்கிற சோதனை முறையில் கிடைக்கும் எண். எந்த கம்பெனி காராக இருந்தாலும் அந்த எண்ணை நம்பி யாரும் ஊருக்குக் கிளம்ப மாட்டார்கள். ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமான் ஏற்றி, நெடுஞ்சாலையில் 80, 85-ல் போனால் முழு சார்ஜுக்கு 175 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்துதான் வாங்கினேன். பட்டணத்துக்குள் ஓட்டத்தான் கார். வருஷத்தில் சில தடவை மட்டும் கோவில்பட்டி பக்கம் சொந்த ஊர்ப் பயணம். அந்தச் சில தடவைக்காகப் பெரிய பேட்டரிக்குப் பல லட்சம் கூடுதலாகக் கொடுக்க மனசு வரவில்லை.

'சென்னையிலிருந்து திருச்சி' என்று யூடியூபில் போடுகிறவர்கள் பெரும்பாலும் தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ ஓடோமீட்டரை ஜீரோ செய்கிறார்கள். வடசென்னைக்காரனுக்கு அந்தக் கணக்கு உதவாது. மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல், அங்கிருந்து பைபாஸ் பிடித்து பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டை, அதாவது திருச்சி நெடுஞ்சாலையை, தொடும்போதே 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். பேட்டரியில் கால்வாசி போயிருக்கும். அவர்கள் முதல் நிறுத்தம் விக்கிரவாண்டி என்றால் நமக்குத் திண்டிவனம். மணலி, திருவொற்றியூர்க்காரர்கள் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடிக்கலாம். அதுவே 62 கிலோமீட்டர், ஆனால் நின்று நின்று போக வேண்டியதில்லை.

நூறு சதவீதத்தோடு கிளம்ப வேண்டுமென்றால் வீட்டில் சார்ஜ் ஏற வேண்டும். எங்கள் தெருவில் பழைய வீடுகளே அதிகம். 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரை மாட்டி, அதன் கேபிள் முனையில் இருக்கும் கன்னைக் காரில் சொருகினால் சிவப்பு விளக்கு எரிந்து அப்படியே நின்றுவிடும். எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க வீட்டுல எர்த்து பேருக்குத்தான் இருக்கு" என்றார். மிக்சியும் ஃபிரிட்ஜும் எர்த் இல்லாமலே இத்தனை வருஷம் ஓடியிருக்கின்றன; கார் அதை ஏற்றுக்கொள்ளாது. கரியும் உப்பும் கொட்டிப் புதிதாக ஒரு எர்த் குழி போட்டு, மீட்டர் பாக்ஸிலிருந்து தனி ஒயர் இழுத்த பிறகு இன்று வரை ஒரு தொந்தரவும் இல்லை. பழைய வீட்டில் இருப்பவர்கள் கார் புக் செய்யும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கிளம்பும்போது மீட்டரில் தெரியும் மிச்ச தூரத்தை நான் பார்ப்பதே இல்லை. கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்து அது கணிக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு வாரம் ஊர்ந்தால், குறைந்த வேகத்தில் கரன்ட் கொஞ்சமாகத்தான் போகும். மீட்டர் தாராளமாக 220 என்று காட்டும். செங்கல்பட்டு தாண்டியதும் அது சரசரவென்று இறங்கும். பார்க்க வேண்டியது சதவீதத்தை. ஒரு சதவீதத்துக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர்; அடுத்த சார்ஜருக்கு 105 கிலோமீட்டர் என்றால் 60 சதவீதம் வேண்டும், மேலே 15 கைவசம். இவ்வளவுதான் என் கணக்கு. 100-ல் போனால் இது பலிக்காது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது; 80-லிருந்து 100-க்குப் போனால் அந்தத் தடை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். ஓட்டத்தில் கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போய் சார்ஜரில் அதைவிட அதிகமாக உட்கார நேரிடும்.

வீட்டிலிருந்து ஊர் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். திண்டிவனம், உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் ஒன்று, திருச்சி, மதுரை என்று நாலு நிறுத்தம். 10-லிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 80-க்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் பொதுவாக அங்கேயே கன்னைக் கழற்றிவிடுவேன். திருச்சி மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பிறகு மதுரை வரை 130 கிலோமீட்டர்; சென்னை–திருச்சி போல ஓட்டலுக்கு ஓட்டல் சார்ஜர் கிடைக்காது. அதனால் மதியச் சாப்பாடு திருச்சியில். எல்லோரும் சாவகாசமாகச் சாப்பிட்டு முடிப்பதற்குள் 95-ஐத் தொட்டுவிடும். காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஊரில் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். பெட்ரோல் காரைவிட மூன்று, நாலு மணி நேரம் கூடுதல். அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

சார்ஜர் தேர்வில் சின்ன பேட்டரிக்கு ஒரு சாதகம் உண்டு. இந்த காரால் 25 கிலோவாட் அளவுக்குத்தான் இழுக்க முடியும். 120 கிலோவாட் மெஷின் பளபளவென்று நின்றாலும் நமக்குப் பயனில்லை. பக்கத்தில் இருக்கும் பழைய 30 கிலோவாட் போதும். அங்கே போட்டிக்கும் ஆள் குறைவு. 60 கிலோவாட் மெஷினில் இன்னொரு கார் வந்து சொருகி பவர் பாதியாகப் பிரிந்தாலும் நமக்கு நஷ்டமில்லை. பெரிய மெஷினை டியாகோ பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் பெரிய பேட்டரி வண்டிக்காரர் காத்திருப்பதைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும்.

சார்ஜர் செயலிகளில் பச்சையாகத் தெரிந்தால் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. முந்தின நாள் ராத்திரி நிறுத்தங்களுக்கெல்லாம் போன் போடுவேன். "மெஷின் ஓடுதா?" என்று கேட்டால் "ஓடுது சார்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு யாராவது போட்டாங்களா?" என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும். கரன்ட் போனால் ஓட்டலுக்கு ஜெனரேட்டர் வருமா, சார்ஜருக்கும் வருமா என்பதையும் கேட்கலாம். பல இடங்களில் சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும்தான். இரண்டு மூன்று செயலிகளின் வாலட்டில் வீட்டிலேயே பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது கொடுமை.

உளுந்தூர்பேட்டை தாண்டி ஓர் ஓட்டலில் சார்ஜ் ஆரம்பிப்பதும் உடனே நிற்பதுமாக இருந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்து, "கன்னை மேல தூக்கிப் பிடிங்க சார்" என்றார். கேபிளின் கனத்தில் கன் கீழ்நோக்கித் தொங்கி, உள்ளே பின்கள் சரியாகப் பதியவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி செயலியை மனைவி அழுத்த, டக்கென்று பூட்டு விழும் சத்தம், அப்புறம் காரின் முன்பக்க விசிறி சீறும் சத்தம். ஏறத் தொடங்கிவிட்டது. இப்போது எங்கே போனாலும் முதலிலேயே தூக்கிப் பிடித்துவிடுகிறேன். முடிந்ததும் கன் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் சாவியில் லாக், அன்லாக் செய்து இழுங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம்.

அம்மாவுக்குத்தான் இந்த நிறுத்தங்கள் பிடிபடவில்லை. "யய்யா, காருக்கு இன்னுமா வயிறு நிறையல?" என்று திண்டிவனத்தில் ஒரு தடவை, மதுரையில் ஒரு தடவை. ஆனால் முழங்கால் வலிக்காரர். மணிக்கணக்கில் உட்கார்ந்தே வந்த காலத்தில் ஊரில் இறங்கும்போது பட்ட பாடு இப்போது இல்லை என்று அவரே சித்தியிடம் சொன்னதாகக் கேள்வி.

ஆடி மாதக் கோவில் கொடைக்குப் போகிறவர்கள் விருதுநகருக்குத் தெற்கே காற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அம்மியே பறக்கும் என்கிற காற்று, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும்போது சதவீதம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். மதுரையில் பத்து சதவீதம் கூடுதலாக ஏற்றிக்கொள்வேன்.

செலவைப் பொறுத்தவரை நெடுஞ்சாலையில் பெரிய லாபத்தை எதிர்பார்க்க வேண்டாம். வழியில் யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. டோலும் பெட்ரோல் காருக்குக் கட்டுவதேதான். கூட்டிப் பார்த்தால் எரிபொருள் செலவில் பாதி மிச்சமாகும். வண்டி உண்மையில் காசை மிச்சம் பிடிப்பது தினம் தினம் தண்டையார்பேட்டைக்கும் கிண்டிக்கும் ஓடும்போது.

ஊரில் அண்ணன் வீட்டு மோட்டார் ரூமில் எர்த் நன்றாக இருக்கிறது. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏறும். ராத்திரி போட்டால் காலையில் தயார். தடிமனான காப்பர் ஒயரில் செய்த எக்ஸ்டென்ஷன் ஒன்று எப்போதும் டிக்கியில் கிடக்கும்.

பொங்கல் முடிந்து திரும்புகிற ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுவேன். பரனூர் டோல் நெரிசலால் காருக்குக் கவலை இல்லை, ஊர்ந்து போனால் ஏசிக்கான கரன்ட்தான் போகும். சிக்கல் சார்ஜரில். முன்னால் இரண்டு கார் இருந்தாலே இரண்டு மணி நேரம் காலி. திங்கள், செவ்வாய் இரண்டு நாள் லீவு சேர்த்துப் போட்டு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினால், விக்கிரவாண்டி வரை எந்த மெஷினிலும் வரிசை இருப்பதில்லை.