சேர்க்கைத் தேர்வில் கட்டுரைக்கு எவ்வளவு எடை? எஸ்.ஏ.டி., ஏ.சி.டி., ஜி.ஆர்.இ., எல்சாட்: ஓர் ஒப்பீடு

அமெரிக்க உயர்கல்விச் சேர்க்கைத் தேர்வுகளில் மாணவர் எழுதும் கட்டுரையை எடைபோட மூன்று வழிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மொத்த மதிப்பெண்ணோடு கலந்துவிடுவது ஒன்று. தனி மதிப்பெண்ணாகக் காட்டுவது மற்றொன்று. மதிப்பெண்ணே இடாமல் கட்டுரையை மட்டும் கல்லூரிக்கு அனுப்பிவைப்பது இன்னொன்று. முதல் இரண்டையும் அடுத்தடுத்துக் கையாண்ட, இளங்கலைச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு இறுதியில் கட்டுரையையே கைவிட்டது. மூன்றாவது வழி, சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் இன்றும் நீடிக்கிறது. இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

முதல் வழியின் கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் அட்கின்சன், எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்திவிடலாம் என்று 2001-இல் முன்மொழிந்தார். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தை இழக்க விரும்பாத, எஸ்.ஏ.டி.யை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டு தேர்வை மாற்றியமைத்து, 2005 மார்ச்சில் எழுத்துப் பகுதியைச் சேர்த்தது. 1600 ஆக இருந்த மொத்த மதிப்பெண் 2400 ஆயிற்று. புதிதாக வந்த 800-இல் சுமார் 30 விழுக்காடு 25 நிமிடக் கட்டுரைக்கும், எஞ்சியது இலக்கணமும் நடையும் சார்ந்த 49 பலவுள் தெரிவு வினாக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. ஏட்டளவில் எழுத்துப் பகுதி முழுவதற்கும் மூன்றில் ஒரு பங்கு எடை. ஆனால் பல கல்லூரிகள் எழுத்துப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் பழைய 1600-ஐ மட்டுமே கூட்டிப் பார்த்தன.

இதில் ஒரு முரண் உண்டு. முதலாண்டுக் கல்லூரி மதிப்பெண்ணை முன்கணிப்பதில் மூன்று பகுதிகளுள் எழுத்துப் பகுதியே சற்று முந்தி நின்றது என்று காலேஜ் போர்டின் 2008 ஆய்வு காட்டியது. முந்தி நின்ற பகுதியையே கல்லூரிகள் ஒதுக்கியிருந்தன. அந்த வலிமைக்குப் பலவுள் தெரிவு வினாக்கள் அளித்த பங்கு கட்டுரையின் பங்கைவிடப் பெரிது. கட்டுரையின் மீதான ஐயத்துக்கும் காரணம் இருந்தது. எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சி அளித்துவந்த லெஸ் பெரல்மன், நீளமான கட்டுரைகளே உயர்ந்த மதிப்பெண் பெறுவதையும், தகவல் பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படாததையும் 2005-லேயே சுட்டிக்காட்டினார். எழுதியது உண்மையா என்று பாராத மதிப்பெண்ணை ஒரு கல்லூரி எதற்காக நம்ப வேண்டும்?

எஸ்.ஏ.டி.க்குப் போட்டியாக நடக்கும் ஏ.சி.டி. தேர்வு அதே 2005-இல் கட்டுரையை விருப்பப் பகுதியாகக் கொண்டுவந்தது. மொத்த மதிப்பெண்ணில் அது சேராது. இலையோரத்து ஊறுகாய்போல, வேண்டிய கல்லூரி தொட்டுக்கொள்ளலாம். 2015-இல் கட்டுரை நேரம் 40 நிமிடமாகவும் அளவுகோல் 36 ஆகவும் மாறியபோது, மற்றப் பகுதிகளில் சிறந்து விளங்கிய மாணவர்களும் கட்டுரையில் வெகுவாகப் பின்தங்கியது குழப்பத்தை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே பழைய 2 முதல் 12 வரையிலான அளவுகோல் திரும்பி வந்தது.

இரண்டாவது வழியை எஸ்.ஏ.டி. 2016-இல் பின்பற்றியது. கட்டுரையின் தரத்தை மட்டும் பார்த்தால், எஸ்.ஏ.டி.யின் இரு கட்டுரை வடிவங்களில் இதுவே சிறந்தது என்பேன்: ஒரு பனுவலைக் கொடுத்து, அதன் ஆசிரியர் தம் வாதத்தை எப்படிக் கட்டுகிறார் என்பதை 50 நிமிடத்தில் ஆராயச் சொன்னது. ஆனால் வாசிப்பு, பகுப்பாய்வு, எழுத்து என ஒவ்வொன்றுக்கும் 8-க்கு ஒரு மதிப்பெண் தந்து, அவற்றைக் கூட்டாமலும் மொத்தத்தில் சேர்க்காமலும் விட்டதால், அந்த மூன்று எண்களுக்குச் சேர்க்கைக் குழுக்களால் உறுதியான இடம் கொடுக்க முடியவில்லை. மாணவருக்கோ கூடுதல் கட்டணம். 2018-இல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்போர்டு ஆகியவை கட்டுரையைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்தின. 2020 மே மாதம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டையுமே படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தது. 2021 ஜனவரியில் காலேஜ் போர்டு எஸ்.ஏ.டி. கட்டுரைக்கு முடிவு கட்டுவதாக அறிவித்தது. இலக்கண வினாக்கள் மட்டும் இன்றைய கணினிவழித் தேர்வில் வாசிப்போடு இணைந்து தொடர்கின்றன.

கட்டுரையைக் கைவிட்ட பிரின்ஸ்டன் அதற்கு ஈடாகக் கேட்டது கவனிக்கத்தக்கது: பள்ளியில் எழுதி, ஆசிரியர் திருத்தி மதிப்பிட்ட ஓர் எழுத்துப் பணி. பேராசிரியர்கள் கல்லூரியில் எதிர்பார்க்கும் வேலைக்குத் தேர்வறைக் கட்டுரையைவிட இதுவே நெருக்கமானது. திருத்தும் தரம் பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பது இதன் குறை.

முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. இரண்டாம், மூன்றாம் வழிகளுக்கு இடையில் நிற்கிறது. 2023 செப்டம்பர் முதல் ஒரே கட்டுரை, 30 நிமிடம், 0 முதல் 6 வரை அரை மதிப்பெண் படிகளில் மதிப்பீடு. திருத்துவதில் மனிதரோடு கணினி நிரலும் பங்கேற்கிறது. மாணவர் எழுதிய கட்டுரையும் மதிப்பெண்ணோடு பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பொறியியல் முதுகலைக்கு விண்ணப்பிப்பவர் கணிதப் பகுதிக்கே முதலிடம் தருவது பெரும்பாலும் சரியான கணக்குதான். ஆயினும் அவரது விண்ணப்பக் கட்டுரை பளிச்சென்று இருந்து, தேர்வு அறையில் எழுதியது தடுமாறினால், அந்த இடைவெளி படிப்பவர் கண்ணில் படும்.

விண்ணப்பக் கட்டுரையையும் தேர்வறைக் கட்டுரையையும் ஒப்பிடும் இந்தப் பார்வையையே எல்சாட் அடிப்படையாகக் கொண்டது எனலாம். அதன் கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை எழுதி முடிக்காதவரின் தேர்வு முடிவு வெளியாகாது. கண்காணிப்பின் கீழ் எழுதிய அந்தக் கட்டுரை சட்டக் கல்லூரிகளுக்கு அப்படியே போய்ச் சேர்கிறது. முன்பு ஒப்புக்கு இருந்ததாகக் கருதப்பட்ட இந்தப் பகுதி, 2024-இல் வாதக் கட்டுரையாகப் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகம், செயற்கை நுண்ணறிவும் கட்டண ஆலோசகர்களும் விண்ணப்பக் கட்டுரைகளில் புகுந்துவிட்ட நிலையில், அவற்றுக்கு எண் மதிப்பு இடுவதை நிறுத்திக்கொண்டதாகச் செய்தி வந்தது. வீட்டில் எழுதப்படுவது யாருடையது என்ற ஐயம் வலுக்கும்போது, உதவியின்றி எழுதியது என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு பக்கம் 12-க்கு 9 என்ற எண்ணைவிட அதிகம் சொல்லும். ஒவ்வொரு விண்ணப்பதாரரின் கட்டுரையையும் படிக்க ஆள் வேண்டும் என்பதால், பல்லாயிரம் விண்ணப்பங்கள் குவியும் இளங்கலைச் சேர்க்கைக்கு எல்சாட் முறை எளிதில் ஒத்துவராது. இளங்கலைக்கு முயலும் மாணவர், தாம் விண்ணப்பிக்கும் கல்லூரி கேட்டால் மட்டும் ஏ.சி.டி. கட்டுரைக்குக் கட்டணம் செலுத்தினால் போதும்.